ஆறாவது ஆண்டில் என்ன நடக்கும்? வெளிநாட்டில் சபை தொடங்கும் முன்

கேள்வி: எங்கள் சபையின் மிஷனெரிக் குழு, வளரும் நாடு ஒன்றின் கிராமப் பகுதியில் மூன்று சபைகளைத் தொடங்கத் தீர்மானித்திருக்கிறது. அந்நாட்டைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் அறிமுகமாகியிருக்கிறார். மாதச் சம்பளம், ஒரு மோட்டார் சைக்கிள், மூன்று ஊர்களிலும் ஆலயம் கட்டப் பணம் ஆகியவற்றைக் கேட்கிறார். ஐந்து ஆண்டுகளுக்குத் தாங்க எங்களால் முடியும். எதை முதலில் கொடுப்பது? எங்கள் வாலிபர் குழுவை இரண்டு வாரம் அங்கே அனுப்பலாமா?

பதில்: எதை முதலில் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். நான் ஆறாவது ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பணம் நின்றுபோன முதல் மாதத்தில் அந்த மூன்று ஊர்களிலும் ஞாயிறு ஆராதனை நடக்குமா? நடத்துகிறவர் யார்? அவர் வீட்டில் அடுப்பெரிவது எப்படி? இதற்கு உங்கள் குழுவிடம் பதில் இல்லையென்றால் இப்போதைக்கு எதையும் அனுப்பாதீர்கள். பணம் போதாமல் மூடிய சபைகளைவிட, பணம் முந்திக்கொண்டு வந்ததால் சொந்தக் காலில் நிற்கப் பழகாத சபைகள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

இந்தச் சிக்கல் புதிதல்ல. சீனாவின் ஷாந்துங் பகுதியில் ஊழியம் செய்த அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் மிஷனெரி ஜான் நீவியஸ் 1880களிலேயே இதைப் பற்றி எழுதினார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரை உடனே மிஷன் சம்பளத்தில் உபதேசியாராக அமர்த்துவது அன்றைய வழக்கம். அப்படிச் செய்தால் அவர் தன் தொழிலிலிருந்தும் அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் பிரிந்துவிடுகிறார், மற்றவர்களும் சம்பளத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று நீவியஸ் கண்டார். 1890இல் கொரியாவிலிருந்த இளம் மிஷனெரிகள் அவரை சியோலுக்கு அழைத்து ஆலோசனை கேட்டார்கள். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: விசுவாசி தன் தொழிலிலேயே இருந்து சாட்சி சொல்லட்டும், முழுநேர ஊழியரைச் சபையே தாங்கட்டும், ஆலயத்தை ஊரார் தங்கள் பணத்தில், தங்கள் பாணியில் கட்டட்டும், மிஷனெரி வேதத்தைக் கற்றுக்கொடுக்கட்டும். கொரியர்கள் அரிசியைச் சுமந்துகொண்டு, சொந்தச் செலவில் நாள்கணக்கில் நடந்து வேதபாட வகுப்புகளுக்கு வந்தார்கள். சோரே கிராமத்தார் 1895இல் தங்கள் பணத்திலேயே ஆலயம் எழுப்பினார்கள். கொரிய சபையின் வளர்ச்சிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். 1887இலேயே ஸ்காட்லாந்து மிஷனெரி ஜான் ராஸும் அவருடைய கொரியத் துணைவர்களும் புதிய ஏற்பாட்டை முழுமையாக மக்கள் மொழியில் கொடுத்திருந்தார்கள். அதுவும் பெரிய காரணம். உங்கள் ஊழியர் எந்த மொழியில் பிரசங்கிக்கிறார், மக்கள் வீட்டுக்குள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டும் வேறு வேறாக இருப்பது அடிக்கடி நடக்கிறது.

அப்படியானால் சம்பளமே கூடாதா? அப்படியில்லை. ஊர் ஊராகப் போய்ச் சபை தொடங்குகிறவர் வேறு, ஓர் ஊரில் தங்கி மந்தையை நடத்துகிறவர் வேறு. முன்னவரை நீங்கள் தாங்கலாம். பவுலுக்குப் பிலிப்பியர் பணம் அனுப்பினார்கள். மற்ற சமயங்களில் அவர் கூடாரம் செய்து பிழைத்தார். ஆனால் லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் அவர் ஏற்படுத்திய மூப்பர்களுக்கு வெளியூரிலிருந்து சம்பளம் வந்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரி கூட இல்லை. எனவே உங்கள் ஊழியருக்குக் கால வரம்புடன் உதவுங்கள். அந்த மாவட்டத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வாங்கும் சம்பளத்தை விசாரித்து, அதைத் தாண்டாமல் வையுங்கள். தாண்டினால் பக்கத்து ஊர்ப் போதகர்களுக்கு அவர் மேல் கசப்பு வரும், ஊர் இளைஞர்களுக்கு ஊழியம் ஓர் உத்தியோகமாகத் தெரியும். மூன்று ஊர்களில் அமரப்போகும் போதகர்களுக்கு மட்டும் நீங்கள் நேரடியாகச் சம்பளம் கொடுக்கவே வேண்டாம். ஊரார் பங்கு முதல் மாதத்திலிருந்தே இருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் ‘இனி நீங்கள் கொடுங்கள்’ என்றால் அது தண்டனையாகத்தான் தெரியும்.

‘அவர்கள் ஏழைகள், எங்கிருந்து கொடுப்பார்கள்?’ என்ற பேச்சு உங்கள் குழுவில் நிச்சயம் எழும். மிசோரமில் முதல் மிஷனெரிகள் வந்து தங்கியது 1894இல். 1910 முதல் அங்குள்ள பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைக்கத் தொடங்கினார்கள். ‘பூஃபாய் தாம்’ என்ற அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்த அரிசியைச் சேர்த்து விற்ற பணத்தின் துணையோடு மிசோ சபை பிற இடங்களுக்குத் தன் மிஷனெரிகளை அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. எனக்குத் தெரிந்து சபை வரலாற்றில் இதைவிட நல்ல நிதித் திட்டம் கிடையாது.

எனவே அறிக்கை கேட்கும்போது, ஞானஸ்நானம் பெற்றவர்கள் எண்ணிக்கையைவிட காணிக்கை நோட்டையே முக்கியமாகக் கேளுங்கள். மாதம் ஒருமுறை அதன் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தேதி, வந்தவர்கள், ரொக்கம், பொருளாக வந்த தானியம், கோழி, முட்டை எல்லாம் அதில் இருக்க வேண்டும். கீழே, ஒரே குடும்பத்தைச் சேராத இருவரின் கையெழுத்து இருக்க வேண்டும். எட்டு வாரக் கணக்கும் போதகரின் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தால் அது ஒரே இரவில் எழுதப்பட்டது. தொகை குறைவாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடித்தல் திருத்தலோடு, ஒரு வாரம் ஏறி மறுவாரம் இறங்குகிற நோட்டுதான் உண்மையான நோட்டு. கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: சேர்ந்த முதல் முப்பது பேரில் எத்தனை பேர் பக்கத்துச் சபையிலிருந்து வந்தவர்கள்? பெரும்பாலானோர் அப்படி வந்தவர்கள் என்றால் நீங்கள் புதுச் சபை தொடங்கவில்லை, இருந்த சபையைப் பிரித்திருக்கிறீர்கள். ஏற்கெனவே அங்கிருக்கும் சபைகளிடம் முன்கூட்டியே பேசியிருந்தால் இது நேராது.

நிவாரணம் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதை ஆராதனையோடும் ஞானஸ்நானத்தோடும் முடிச்சுப் போடாதீர்கள். பசித்தவனிடம் விசுவாசத்தை விலை பேசுவது பாவம். அவன் மனச்சாட்சிக்கும் அநியாயம்.

கட்டடம் கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன் சட்டம் தெரிய வேண்டும். ருவாண்டாவில் சபைத் தலைவர்களுக்கு இறையியல் பட்டம் வேண்டும் என்று 2018இல் சட்டம் வந்தது. கட்டடத் தரம், சுகாதாரம், இரைச்சல் ஆகியவற்றைக் காரணம் காட்டி அந்த ஆண்டு முதல் ஆயிரக்கணக்கான வழிபாட்டு இடங்கள் மூடப்பட்டன. நேபாளத்தில் 2015 அரசியல் சட்டத்தின் 26வது பிரிவு மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2017 குற்றவியல் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து ஏழு நாட்களுக்குள் வெளியேற்றப்படுவார். நீங்கள் விமானம் ஏறி வந்துவிடுவீர்கள். வழக்கு வாய்தாவுக்கு அலைகிறவர் உள்ளூர் ஊழியர். ஆகவே எந்த அளவு ஆபத்தை ஏற்பது என்று முடிவெடுக்க வேண்டியவரும் அவர்தான். நிலம் வாங்கும் நிலை வந்தால், பத்திரம் ஊழியர் பெயரிலோ அவர் மனைவி பெயரிலோ அல்ல, அந்நாட்டுச் சட்டப்படி பதிவான சபையின் பெயரில் இருக்க வேண்டும். அதற்கு உள்ளூர் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கும் தனி விதிகள் இருக்கும். இந்தியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கங்கள் அதைப் பெற முடியாது.

பணத்தைவிட நுட்பமான விஷயம் அதிகாரம். அடிமை வியாபாரத்திலிருந்து மீட்கப்பட்ட யோருபா இனத்தவரான சாமுவேல் க்ரௌதர் 1864இல் ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்று, இன்றைய நைஜீரியாவில் நைஜர் நதிப் பகுதி ஊழியத்தை நடத்தினார். 1890இல், அங்கே வந்த இளம் ஐரோப்பிய மிஷனெரிகள் அவருடைய ஊழியர்களை நீக்கி, நிர்வாகத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு அவர் இறந்தார். அவருக்குப் பிறகு அமர்த்தப்பட்டவர் ஓர் ஐரோப்பியர். டெல்டா பகுதிச் சபைகள் 1892இல் தங்கள் சொந்தப் பணத்தில் தனி நிர்வாகம் அமைத்துக்கொண்டன. பதவியை மட்டும் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடுக்காததன் பலன் அது. உங்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ‘நம் மூன்று சபைகள்’ என்று எழுதியிருந்தால் அதை இப்போதே திருத்துங்கள். அங்கே யாரை மூப்பராக்குவது, ஆராதனை எத்தனை மணிக்கு, என்ன பாட்டு என்பதையெல்லாம் அங்குள்ளவர்கள் முடிவு செய்யட்டும்.

வாலிபர் குழுவா? முதல் இரண்டு ஆண்டு வேண்டாம். பிறகு போனாலும், அங்குள்ள சபை அழைத்தால், நான்கைந்து பேராக, சரியான விசாவுடன் போகட்டும். சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கிப்பது பல நாடுகளில் விதிமீறல். மேடையில் ஏறாமல், கேட்டுக்கொண்டிருந்து திரும்பி வந்தாலே போதும்.

மோட்டார் சைக்கிளை வாங்கிக் கொடுங்கள். மூன்று ஊர்களுக்கு அலைகிறவருக்கு அது தேவை. ஒருமுறை கொடுத்தால் முடிந்துபோகும் செலவு. பெட்ரோலையும் பழுதுபார்ப்பையும் எந்த ஊர் எவ்வளவு ஏற்கும் என்று மூன்று ஊர் விசுவாசிகளும் உட்கார்ந்து பேசி எழுதிய தாள் உங்கள் கைக்கு வந்த பிறகு வாங்குங்கள்.