நாயகியின் மாற்றம் நம்பும்படி இல்லையென்றால்

உங்கள் நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் நாயகி கணவனிடம் பேசும் நீண்ட வசனத்தை நீக்கிவிட்டு, அவளாக எடுக்கும் ஒரு முடிவை அங்கே வையுங்கள். 'திடீரென்று மாறிவிட்டாள்' என்று வாசித்தவர்கள் சொன்னதற்கு அந்த வசனமே காரணமாக இருக்கக்கூடும்.

உங்கள் கதை நிகழும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மணமான மகனை 'வேறு வைக்கும்' வழக்கம் உண்டு: ஒரே வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதி) தனி அடுப்பு, தனிக் கணக்கு. கணவன் பர்மாவில் இருக்க, அரிசிக்கும் விறகுக்கும் கணக்கெழுதும் ஏட்டில் தனக்கென்று ஒரு செலவை (நகையாக வேண்டாம், அது சலித்துவிட்டது) அவள் முதன்முறையாக எழுதட்டும்.

கணவன் வரும் வாக்கியங்களை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள்; அவள் செய்வதற்கு ஏதும் மிஞ்சுகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: கோயில் கணக்கில் தம்பதி சேர்ந்தே ஒரு 'புள்ளி' (கோயிலுக்கான குடும்பக் கணக்கின் அலகு) என்பதால், அங்கே அவளைத் தனியாளாகக் காட்டினால் காரைக்குடி வாசகர் நம்பமாட்டார்.