மண்டையோட்டுக் கொடிப் படங்கள்: கேட்டதும் சொன்னதும்

சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். வேலை முடிந்து மெஸ் ரூமில் உட்கார்ந்தால் படம்தான். எதனாலோ கடற்கொள்ளையர் படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. அவற்றைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொன்னதற்கு இத்தனை கேள்விகள். டவுன்லோடு லிங்க் மட்டும் கேட்காதீர்கள், தர மாட்டேன்.

பழைய படங்கள் எதையும் பார்த்ததில்லை. எங்கே தொடங்கலாம்?

1935இல் வந்த ‘கேப்டன் பிளட்’. மைக்கேல் கர்டிஸ் இயக்கம். அதுவரை யாருக்கும் தெரியாத எரோல் ஃபிளின் இந்த ஒரே படத்தில் நட்சத்திரமானார். கதை 1685இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. அரசனை எதிர்த்துக் கிளம்பியவன் ஒருவனுக்குக் காயம். கட்டுப்போடப் போன டாக்டர் பீட்டர் பிளட்டுக்கும் ராஜதுரோகப் பட்டம் கட்டி, ஜமைக்காவில் அடிமையாக விற்றுவிடுகிறார்கள். அங்கிருந்து தப்பித்துக் கப்பலைப் பிடிக்கிறார்.

எனக்கு இந்தப் படத்தில் கத்திச்சண்டையைவிடப் பிடித்தது, தப்பித்த அடிமைகள் கூடி ஒப்பந்தம் வாசிக்கும் காட்சி. கை போனால் இவ்வளவு, கால் போனால் இவ்வளவு என்று நஷ்டஈடு பேசிக்கொள்கிறார்கள். இது கதாசிரியர் கற்பனை இல்லை. கொள்ளையரோடு கூடவே இருந்த எக்ஸ்குவெமெலின் 1678இல் வெளியிட்ட புத்தகத்தில் கணக்கு அப்படியே இருக்கிறது: வலது கைக்கு 600 வெள்ளிக்காசு, இடது கைக்கு 500, வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400, கண்ணுக்கு 100. ராஜாவின் கப்பற்படையில் அடி வாங்கிக்கொண்டிருந்தவன் ஏன் கொள்ளைக்கப்பலுக்கு ஓடினான் என்பதற்கு இந்தப் பட்டியல் போதும். இப்படி, கப்பல் என்பது பல பேர் கூலிக்கு வேலை செய்யும் இடம் என்று தெரிந்து எடுத்த படங்கள்தான் என் கணக்கில் நல்ல படங்கள்.

ஒரு எச்சரிக்கை. பார்க்கும்முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். முழுப்படம் 119 நிமிடம். மறுவெளியீட்டுக்காக வெட்டிய 99 நிமிடப் பிரதி ஒன்று சுற்றுகிறது. படம் கறுப்பு வெள்ளை; பின்னால் கம்ப்யூட்டரில் கலர் பூசிய பிரதியும் உண்டு. இரண்டையும் தொடாதீர்கள்.

அப்படியானால் நம் ‘ஆயிரத்தில் ஒருவன்’ காப்பிதானே?

கதையின் முதுகெலும்பு அங்கிருந்து வந்ததுதான். காயம்பட்ட கலகக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மணிமாறன், அடிமையாகக் கன்னித்தீவுக்கு விற்கப்படுவது, தீவுத் தலைவன் மகள் பூங்கொடியின் காதல், அப்புறம் கொள்ளைக்கப்பல். இதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அடிமைகள் கப்பல் மேல்தளத்தில் நின்றுகொண்டு ‘அதோ அந்தப் பறவை போல’ என்று பாடுவது ஹாலிவுட்டில் இல்லை. அடிமையின் விடுதலை அங்கே ஒரு கதைத் திருப்பம். 1965இல் பந்துலு எடுத்த படத்தில் அது ஒரு பாட்டாகி ஊர் முழுக்க ஒலித்தது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாகச் சேர்ந்த படம் வேறு. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

ஜாக் ஸ்பேரோ படங்களில் எது பெஸ்ட்?

‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ வரிசையில் 2003இல் வந்த முதல் படம். மற்றவற்றில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊமைப்படக் காலத்தில் ஏதாவது உண்டா?

‘தி பிளாக் பைரேட்’, 1926, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ். சிவப்பும் பச்சையும் மட்டுமே பதிவாகும் அந்தக் கால டெக்னிகலரில் எடுத்தது. கலர் என்றதும் நான் பாய்வேன் என்று நினைக்காதீர்கள். இது எடுக்கும்போதே எடுத்த கலர், பழைய ஓவியம் போல இருக்கும். பாய்மரத் துணியில் கத்தியைக் குத்தி, கிழித்துக்கொண்டே சறுக்கி இறங்கும் வித்தை இதில்தான் பிரபலமானது. நிஜப் பாய்த்துணியில் குறுக்கே தையல் போகும், கத்தி முதல் தையலிலேயே மாட்டிக்கொள்ளும். இருந்தாலும் நான் அந்தக் காட்சியைப் பத்து முறை பார்த்திருப்பேன்.

கொள்ளையர்கள் எல்லாப் படத்திலும் ‘ஆர்ர்ர்’ என்று உறுமுவது எதனால்?

ராபர்ட் நியூட்டனால். 1950இல் டிஸ்னி எடுத்த ‘டிரெஷர் ஐலண்ட்’ படத்தில் ஒற்றைக்கால் ஜான் சில்வராக நடித்தார். இங்கிலாந்தின் டார்செட்காரர், சொந்த ஊர்ப்பக்கத்துப் பேச்சையே கொஞ்சம் கூட்டிப் பேசினார். அதற்குப்பின் வந்த கொள்ளையர் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

ஜாக் ஸ்பேரோ அடுத்த பாகம் எப்போது?

டிஸ்னியைக் கேளுங்கள்.

முதல் ஜாக் ஸ்பேரோ படத்தில் படகைக் கவிழ்த்துத் தலையில் பிடித்துக்கொண்டு கடலுக்கு அடியில் நடக்கிறார்களே, அது முடியுமா?

ஸ்பேரோவை விடுங்கள், இந்தக் காட்சி 1952இலேயே வந்துவிட்டது. ‘தி கிரிம்சன் பைரேட்’, பர்ட் லங்காஸ்டர். அவரும் வாய்பேசாத கூட்டாளி நிக் க்ராவட்டும் சர்க்கஸில் ஒன்றாக வேலை பார்த்த பழைய ஜோடி, தாவுவது எல்லாம் சொந்தத் தாவல். அவசியம் பாருங்கள்.

முடியுமா என்றால், முடியாது. மூன்று மீட்டர் நீளப் படகைக் கவிழ்த்தால் உள்ளே தோராயமாக ஒரு கன மீட்டர் காற்று சிக்கும். அது ஒரு டன் தண்ணீரைத் தள்ளுகிறது. ஆகவே படகு ஒரு டன் விசையோடு மேலே வரப் பார்க்கும். தண்ணீருக்குள் நின்றால் உங்கள் உடம்பின் எடை அநேகமாக இல்லை. எதை வைத்து அழுத்துவீர்கள்?

ஆழத்தில் போனால் காற்று சுருங்குமே சார்? அதைக் கணக்கில் எடுக்கவில்லையே.

சுருங்கும். ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காகும். அப்போதும் எழுநூறு கிலோவுக்குப் பக்கத்தில் மேலே இழுக்கும். தவிர, அந்த ஐந்து மீட்டருக்கு முதலில் எப்படிப் போவீர்கள்? மேல்மட்டத்தில்தான் இழுப்பு அதிகம்.

படகில் பாறாங்கல் கட்டினால்?

கல்லும் தண்ணீரில் எடை இழக்கும் தம்பி. ஒரு டன் இழுப்பை அடக்க ஒன்றரை டன்னுக்கு மேல் கல் வேண்டும். அவ்வளவு கல்லைச் சுமந்த படகு கவிழ்க்கும்முன்னே தானாக மூழ்கிவிடும், உங்களுக்கு வேலை மிச்சம்.

காற்றோடு கடலுக்குள் இறக்கும் மணி வடிவக் கூண்டு, டைவிங் பெல் என்று ஒன்று நிஜமாகவே இருந்ததே. வால்நட்சத்திர ஹாலிகூடச் செய்தாரே?

செய்தார். ஈயம் ஈயமாகக் கட்டித்தான் இறக்கினார். கயிறு மேலே கப்பலில் இருந்தது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் வாக்கிங் போகவில்லை.

என் அண்ணன் மெக்கானிக்கல் இன்ஜினியர், முடியும் என்கிறார்.

நானும் மெக்கானிக்கல்தான். அண்ணனை ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து நீச்சல்குளத்துக்குள் இறக்கச் சொல்லுங்கள். பதினைந்து லிட்டர் வாளி போதும். வாளி ஜெயிக்கும். இதே விஷயமாக இன்னும் ஏழு கேள்விகள் வந்திருக்கின்றன, ஒருவர் படம் வரைந்தே அனுப்பியிருக்கிறார். எல்லோருக்கும் பதில் வாளிதான். ‘கிரிம்சன் பைரேட்’ படத்தின் தொடக்கத்திலேயே லங்காஸ்டர் கயிற்றில் ஆடிவந்து நம்மைப் பார்த்து, பார்ப்பதில் பாதியை மட்டும் நம்புங்கள் என்கிறார். அவரே சொல்லிவிட்டார், நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்?

யாருக்கும் அதிகம் தெரியாத, ஆனால் பார்த்தே ஆகவேண்டிய படங்கள்?

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

‘எ ஹை விண்ட் இன் ஜமைக்கா’, 1965, அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக் இயக்கம். ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் சில குழந்தைகள், தற்செயலாகக் கொள்ளைக்கப்பலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆன்டனி க்வின்தான் கேப்டன். குழந்தைகளை எப்படிக் கழற்றிவிடுவது என்று தெரியாமல் அந்த முரட்டு ஆட்கள் திணறுகிறார்கள். குழந்தைகளோ மேல்தளத்தை விளையாட்டுத் திடலாக்கிக்கொள்கிறார்கள். முதல் முக்கால் மணி நேரம் சிரிப்பு. அப்புறம் எமிலி என்ற சிறுமி பயத்தில் ஒரு காரியம் செய்கிறாள். அதன் பழி யார் தலையில் விழுகிறது, கோர்ட்டில் அவள் என்ன சொல்கிறாள் என்பதை நான் சொல்ல மாட்டேன். முதன்முறை பார்த்துவிட்டு அன்று ராத்திரி டூட்டிக்குப் போனபோது யாரோடும் பேசவில்லை. அகலத்திரைப் படம் இது, டி.வி.க்காக ஓரத்தை வெட்டிய பிரதியில் பாதிக் குழந்தைகள் காணாமல் போய்விடுவார்கள். கவனம்.

‘இருபதாம் நூற்றாண்டுக் கொள்ளையர்கள்’, சோவியத் படம், 1980. மருந்துக்காக அபின் ஏற்றிவரும் சோவியத் சரக்குக் கப்பலை நவீனக் கொள்ளையர் பிடிக்கிறார்கள். கராத்தே, துப்பாக்கி எல்லாம் உண்டு. அந்த நாட்டில் எட்டுக் கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. அங்கே அதிகம் பேர் பார்த்த உள்நாட்டுப் படம் இதுதான். நடிப்பு சுமார். ஆனால் துருப்பிடித்த கைப்பிடி, குறுகிய ஏணி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் நான் வேலை பார்த்த கப்பல் மாதிரியே இருக்கும்.

‘ஆன் ஆஃப் தி இண்டீஸ்’, 1951. கேப்டன் ஒரு பெண், ஜீன் பீட்டர்ஸ். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. கடைசிக் காட்சிக்காகவே பார்க்கலாம்.

இத்தாலியின் எர்மானோ ஓல்மி 2003இல் எடுத்த ‘திரைகளுக்குப் பின்னே பாடுதல்’. சீனக் கடலை நடுங்கவைத்த சிங் ஷி என்ற பெண் தலைவியின் கதையைத் தழுவியது. நிஜத்தில் அவர் 1810இல் அரசாங்கத்தோடு பேரம் பேசிச் சரணடைந்து உயிரோடு தப்பியவர். ஜாக் ஸ்பேரோ வந்த அதே வருடம் இதுவும் வந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாகப் போகும், பொறுமை வேண்டும்.

இந்திய நடிகர் யாராவது வெளிநாட்டுக் கொள்ளையர் படத்தில்?

கபீர் பேடி. 1976இல் இத்தாலியத் தொலைக்காட்சியில் ‘சாந்தோகான்’ என்ற மலாய்க் கொள்ளைத் தலைவனாக வந்தார், இத்தாலியே பித்துப்பிடித்து அலைந்தது. அதே வருடம் ‘கறுப்புக் கொள்ளையன்’ படமும். இரண்டுமே சல்காரி என்ற இத்தாலிய எழுத்தாளரின் நாவல்கள். அந்த மனிதர் ஆசியாவுக்கு வராமலே இத்தனையும் எழுதினார்.

‘ஒன் பீஸ்’ எத்தனையாவது எபிசோடிலிருந்து பார்க்கலாம்?

ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் என் துறை இல்லை. வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால் கேளுங்கள், நிறுத்தாமல் சொல்வார்கள்.

1980, 90களில் இந்த வகைப் படமே வராமல் போனது ஏன்?

காசு. 1986இல் போலன்ஸ்கி ‘பைரேட்ஸ்’ எடுத்தார். அதற்காகக் கட்டிய பெரிய பாய்மரக் கப்பல் இன்றும் ஜெனோவா துறைமுகத்தில் டிக்கெட் போட்டுக் காட்டப்படுகிறது. படத்தைக் காசு கொடுத்துப் பார்த்தவர்கள்தான் குறைவு. 1995இல் ‘கட்த்ரோட் ஐலண்ட்’ சுமார் 100 மில்லியன் டாலரை விழுங்கி, அமெரிக்காவில் 10 மில்லியன்தான் வசூலித்தது. எடுத்த கரோல்கோ கம்பெனி படம் வெளியாகும் முன்னரே திவால். எட்டு வருடம் கழித்து ஜாக் ஸ்பேரோவை எடுக்க டிஸ்னிக்குத் துணிச்சல் வந்ததே ஆச்சரியம்.

ஜாக் ஸ்பேரோ வரிசையில் எந்தப் படம்…

மேலே பாருங்கள்.

சோமாலியா சம்பவங்களைப் பற்றிய படங்கள்? நீங்கள் அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா?

போயிருக்கிறேன். அந்த வருடங்களில் ஏடன் வளைகுடா வரும்முன் மேல்தள விளிம்பு முழுக்க முள்கம்பிச் சுருளைக் கட்டுவோம். தீயணைப்புக் குழாய்களை வெளிப்பக்கமாகத் திருப்பி வைப்போம். ஸ்டீயரிங் கியர் ரூமில் தண்ணீரும் பிஸ்கட்டும் அடுக்கி வைப்போம், அவர்கள் ஏறிவிட்டால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள. இன்ஜின் ரூமில் போடும் பழைய பாய்லர் சூட் உடுப்புக்குள் கந்தல் துணியை அடைத்து, ஹெல்மெட் மாட்டி, காவல் ஆள் போல கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையின் ஓரத்தில் நிறுத்துவோம். எங்கள் கப்பலில் அந்தப் பொம்மைக்கு ஐந்தாம் இன்ஜினியர் என்று பெயர். இருட்டில் ஒருமுறை நானே அதற்கு குட் ஈவ்னிங் சொல்லியிருக்கிறேன்.

எல்லோரும் சொல்வது 2013இல் வந்த ‘கேப்டன் ஃபிலிப்ஸ்’. நல்ல படம்தான். நான் சொல்வது அதற்கு முந்தைய வருட டென்மார்க் படம், ‘எ ஹைஜாக்கிங்’. கொள்ளையர் கப்பலில் ஏறும் காட்சியே அதில் கிடையாது. ஒருபக்கம் கப்பலின் சமையல்காரர். இன்னொரு பக்கம் கோபன்ஹேகன் ஆபீஸில் கம்பெனி முதலாளி, ஒலிபெருக்கி போனுக்கு முன்னால். பேரம் நாள்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில் இழுக்கிறது. தொகை கொஞ்சம் கொஞ்சமாக நகர நகர, சமையல்காரரின் முகம் மாறிக்கொண்டே போகிறது. படம் எடுத்ததே ஒருகாலத்தில் நிஜமாகக் கடத்தப்பட்ட கப்பலில்தான். 1678இல் கைக்கு 600, காலுக்கு 500 என்று போட்ட பட்டியலை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; அங்கே கப்பலாள் தன் விலையைத் தானே பேசினான், இங்கே அவன் விலையை வேறு இருவர் போனில் பேசுகிறார்கள்.

‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ பற்றிச் சொல்லவே இல்லையே?

அது கப்பற்படைப் படம். ஆனாலும் பாருங்கள்.

சார், நீங்கள் சொன்னபடி நேற்று ராத்திரி ‘கேப்டன் பிளட்’ பார்த்தேன். நன்றாக இருந்தது. எரோல் ஃபிளின் போட்டிருந்த நீலக் கோட்டு அருமை!

நீலமா?

119 நிமிடப் பிரதியைத் தேடி எடுத்து மறுபடி பாருங்கள்.