"கையாலை இடிஞ்சுதானே கிடந்தது?"

மதிப்பிற்குரிய ஐயா,

மார்த்தாண்டத்தில் நடந்த விவாதப் போட்டியில், ரப்பர் விளைகளை (தோட்டங்களை) அழித்து பிளாட் போடுவதை எதிர்த்துப் பேசினேன். "விவசாயியை ஏழையாகவே வைத்திருக்கும் எண்ணத்தை எப்போது கைவிடப் போகிறீர்கள்?" என்று எதிரணி கேட்டதும் வாயடைத்து நின்றேன். அது 'லீடிங் கொஸ்டின்', நீதிமன்றத்தில் செல்லாது என்கிறார்கள் நண்பர்கள். இத்தகைய தருக்கப் பிழைகளின் பட்டியல் ஒன்று தருவீர்களா? நான் சட்டம் படிக்கலாமா?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

பட்டியல் தர மாட்டேன். பெயர்களை மனப்பாடம் செய்தவர்கள், எதிராளி வாய் திறந்ததும் ஒரு பெயரைச் சூட்டிவிட்டுப் பதில் சொல்லாமல் நழுவுவதை நிறையவே பார்த்தாயிற்று. தன் தரப்பை நிறுவாமல் பிறர் தரப்பை மட்டும் உடைப்பதை நம் பழைய தருக்க மரபான நியாய சாத்திரம் விதண்டை என்று தனியே ஒதுக்கி வைத்தது சும்மா அல்ல. சட்டப் படிப்பைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொன்னது முழுத் தவறு. கேட்பவர் எதிர்பார்க்கும் விடையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வினாவைத்தான் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 'லீடிங் கொஸ்டின்' என்று குறித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமும் அதையே சொல்கிறது. முதல் விசாரணையில் தன் சாட்சியிடம் வக்கீல் அப்படிக் கேட்டு, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்ற அனுமதி வேண்டும். சர்ச்சையில்லாத விஷயம் என்றால் அனுமதி கிடைக்கும். குறுக்கு விசாரணையிலோ தாராளமாகக் கேட்கலாம், ஏனென்றால் எதிராளியின் சாட்சி நம் விருப்பத்துக்குத் தலையாட்டப் போவதில்லை. உங்களிடம் கேட்கப்பட்டது வேறு வகை: நீங்கள் ஒப்புக்கொள்ளாத ஒன்றை ஒப்புக்கொண்டதாக வைத்து, அதன் மேல் எழுப்பிய கேள்வி.

குழித்துறை நீதிமன்றத்தில் ஒரு எல்லை வழக்கில் என் அத்தை கூண்டேறினார். "கையாலை இடிஞ்சுதானே கிடந்தது?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல், எல்லை மண்சுவரைச் சுட்டி. விடையை வாயில் ஊட்டும் கேள்வி, ஆனால் முறையானது. "கிடந்தது" என்றார் அத்தை. "நீங்க அதை இடிச்சு எத்தனை நாள் கழிச்சு மண்ணு வெட்டினீங்க?" என்பது அடுத்தது. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் இடிக்கல்ல, மழையில இடிஞ்சுது. இனி நாளு கேளும்" என்றார். மறு விசாரணையில் எங்கள் வக்கீல் "எந்த மழை?" என்று மட்டும் கேட்டு உட்கார்ந்தார். குறுக்கு விசாரணையில் எழுந்ததை விளக்குவதற்குத்தானே மறு விசாரணை. "ஐப்பசி மழை" என்ற பதிலுக்கு மேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

நீங்களோ 'எப்போது' என்பதற்கு விடை தேடி நின்றிருக்கிறீர்கள். "அந்த எண்ணம் எனக்கு உண்டென்று எதைக்கொண்டு சொல்கிறீர்கள்?" என்று திருப்பியிருந்தால், நிரூபிக்கும் சுமை சொன்னவர் தலைக்கே போயிருக்கும். அது போகட்டும், விளைகளை ஏன் அழிக்கக் கூடாது என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு காரணம்கூட இல்லையே, தம்பி. அதை எழுதி அனுப்புங்கள்.