செத்தவன் பெயரில் ஒருவன்

அன்புள்ள ஐயா,

தக்கலையில் நாங்கள் எட்டுப்பேர் ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’ நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம். நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்காவில் நடக்கும் கதை. வேலை தேடிப் போர்ட் எலிசபெத் நகரத்துக்கு வந்த சிஸ்வேயை ஊருக்குத் திரும்பச் சொல்லி, கறுப்பர்கள் எங்கே இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் பாஸ்புத்தகத்தில் முத்திரை குத்துகிறார்கள். அவனோ வழியில் செத்துக்கிடந்தவனின் புத்தகத்தில் தன் போட்டோவை ஒட்டி, அந்தப் பெயரில் வாழப் போகிறான். இது சரணாகதி அல்லவா? அவன் புத்தகத்தைக் கிழித்தெறிவதாக முடிக்கலாமா? முகத்துக்குக் கறுப்பு பூச வேண்டுமா?

தம்பி,

கறுப்பு பூச வேண்டாம். எட்டுப்பேரும் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். அதோல் ஃபூகார்டும் ஜான் கனியும் வின்ஸ்டன் இன்ட்ஷோனாவும் சேர்ந்து உருவாக்கிய நாடகம் அது. 1972இல் கேப் டவுனில் கனியும் இன்ட்ஷோனாவும் மட்டுமே நடித்தார்கள். உங்களில் ஆறுபேர் டீ வாங்கப் போகலாம்.

கிழித்தெறிவதா? பாஸ் இல்லாமல் வந்திருக்கிறோம், பிடித்துக்கொள் என்று ஷார்ப்வில் போலீஸ் நிலையத்துக்குப் போனவர்களை 1960 மார்ச் 21இல் சுட்டார்கள். அரசுக் கணக்கிலேயே செத்தது 69 பேர். கிழிப்பதைப் பற்றி அந்த ஜனங்களுக்கு நீங்கள் வகுப்பெடுக்க வேண்டாம்.

என்னை உறுத்தியது ‘சரணாகதி’ என்கிற சொல்தான். உங்கள் வீட்டிலிருந்து சாமித்தோப்புக்கு பஸ் ஏறினால் எவ்வளவு நேரமாகும்? முடிசூடும் பெருமாள் என்று பெற்றவர்கள் வைத்த பேரை மேல்சாதிக்காரர்கள் பொறுக்காமல், பிள்ளையை முத்துக்குட்டி ஆக்கினார்கள் என்பது நாம் சின்னதிலிருந்து கேட்ட கதை. பிற்பாடு சாமித்தோப்பில் அய்யா வைகுண்டராக எழுந்து சாதிக்கொடுமையை எதிர்த்தவர் அந்த முத்துக்குட்டியாகத்தான் வளர்ந்தார்.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் இருந்தார். சர்ச்சில் ஒரு பெயர், சர்ட்டிபிகேட்டில் வேறு பெயர். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிக்காரர் கிறிஸ்தவரானால் பட்டியலில் இல்லை. சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள், இவர்களை இன்றுவரை இல்லை. கொத்தனாரின் மகனுக்கு அந்தப் பட்டியலால் கிடைத்த வேலை.

கொத்தனார் இறந்த அன்று விடியும் முன்னே மகன் என் திண்ணைக்கு வந்தான். கையில் போட்டோவும் ஒரு துண்டுத்தாளும். பத்து மணிக்குள் போஸ்டருக்குக் கொடுத்தாக வேண்டும்.

“எந்தப் பேரப் போட, சாரே?”

சர்ச் பெயரைப் போட்டால் மறுநாளே எவனாவது மொட்டைக் கடுதாசி போடுவான். மற்றதைப் போட்டால் செத்தது யாரென்று சபையில் பாதிப்பேருக்குத் தெரியாது. அவன் அழவில்லை. தாளில் பேனாவை வைத்து வைத்து எடுத்தான், நீலப்புள்ளிகள்தான் விழுந்தன.

போட்டோவில் கொத்தனார் கோட்டு போட்டிருந்தார். மார்த்தாண்டம் ஸ்டுடியோவின் சுவரில், பவுடர் டப்பாவுக்கும் சீப்புக்கும் பக்கத்தில் எல்லாருக்கும் பொதுவாகத் தொங்குமே, அது. எங்கள் ஊரில் மூன்றுபேர் அதே கோட்டோடு போஸ்டரில் ஏறியிருக்கிறார்கள்.

கடைசியில் ‘எங்கள் அப்பா’ என்று மட்டும் அச்சடித்தோம்.

இப்போது சொல்லுங்கள், யார் சரணடைந்தது? நீங்கள் இனிஷியலோடு அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். எழுதப் படிக்கத் தெரியாத சிஸ்வே செத்தவனின் எண்ணை உருப்போடுகிறான், தம்பி. ஊரில் பெண்டாட்டி நோவேட்டுவும் நாலு பிள்ளைகளும் இனி யாருடையவர்கள் என்று கேட்கிறான். அந்த இடத்தை விழுங்காமல் நடியுங்கள். நான் பார்த்த ஒத்திகைகளில் எல்லாரும் அங்கேதான் ஓடுகிறார்கள்.

போட்டோ எடுக்கும் காட்சிக்குக் கோட்டு கிடைக்காவிட்டால் எழுதுங்கள். அந்த ஸ்டுடியோ இப்போது மொபைல் கடை. கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.