பதில்: பூனை வந்த பிறகு படர்தாமரை, களிம்பை நிறுத்தினால் திரும்புகிறது

வணக்கம். மகளின் கையில் வட்டப் படை, ஸ்டீராய்டு கலந்த களிம்பில் அடங்கி, நிறுத்தியதும் பெரிதாகிறது, பூனையோ நன்றாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தக் களிம்பை விடுங்கள். சிவப்பும் அரிப்பும் உடலின் எதிர்ப்பு. ஸ்டீராய்டு அதை அமுக்குகிறது, படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவுகிறது.

பூனையிடமிருந்து வருவது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. அதன் உணவு கெரட்டின், அதாவது தோலின் மேலடுக்கிலும் முடியிலும் உள்ள புரதம். கெரட்டினை இறுக்கிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை, சல்பைட் என்ற கந்தக வேதிப்பொருளைச் சுரந்து உடைக்கிறது, அப்புறம் நொதிகளால் கரைத்துச் சாப்பிடுகிறது. பூனையோடு நெடுங்காலம் பழகிவிட்டதால் பல பூனைகளில் ஒரு அறிகுறியும் தெரியாது. மனிதத் தோல் அதற்குப் புது இடம், அதனால்தான் நம்மிடம் இவ்வளவு சிவக்கிறது. மனிதரிடமே பழகிய டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற இன்னொரு பூஞ்சை நேர்மாறு: அதன் செல்சுவரிலுள்ள மன்னான் என்ற சர்க்கரைப் பொருள் நம் எதிர்ப்பைத் தணித்துவிடும், சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

தோல் மருத்துவரிடம் செதிலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தலையிலும் முடி உதிர்ந்தால் பூச்சு போதாது, மயிர்க்கால் வரை எட்ட மாத்திரை வேண்டும். பார்க்க நன்றாக இருந்தாலும் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உதிர்ந்த முடியில் பூஞ்சையின் வித்துகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். படுக்கை விரிப்புகளைத் துவையுங்கள், சோபாவையும் தரையையும் சிகிச்சை முடியும்வரை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள்.