கையில் 40 லட்சம்: இன்னொரு சைட் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். வயது 45. சொந்த வீடும் அவிநாசி அருகே 5 சென்ட் சைட்டும் உண்டு. மகள் 4 வருடத்தில் கல்லூரிக்குப் போவாள். கையில் 40 லட்சம் இருக்கிறது. பெருமாநல்லூர் பக்கம் இன்னொரு சைட் வாங்கிப் போடலாமா?

பதில்: இந்தப் பணத்தில் சைட் வேண்டாம். நிலம் மோசமான முதலீடு என்று சொல்லவில்லை. நீண்ட காலத்தில் விலைவாசிக்கு ஈடு கொடுக்கும், தொழிலுக்குக் கடன் வேண்டுமென்றால் பத்திரத்தை வைத்து வாங்கலாம், தினமும் விலை பார்த்துப் பதற வேண்டியதில்லை. இதெல்லாம் அவிநாசி சைட்டிலேயே உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

என் கவலை வேறு. உங்கள் வருமானம், வீடு, சைட் மூன்றுமே பனியன் தொழிலை நம்பி நிற்கின்றன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், 2025-ல் அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனதும் நீங்கள் அறிந்ததுதான். அப்படி ஆர்டர் குறையும்போதுதான் கூலி கொடுக்கக் காசு தேவைப்படும். ஆனால் உங்கள் சைட்டை வாங்க வேண்டியவரும் பெரும்பாலும் இதே தொழில்காரர். அவர் கையும் அப்போது காய்ந்திருக்கும். அவசரத்துக்கு விற்றால் அடிமாட்டு விலைதான். மகளின் ஃபீஸுக்காக அரை சென்ட்டை மட்டும் பிரித்து விற்கவும் முடியாது.

கணக்கையும் பாருங்கள். 40 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 3.60 லட்சம். எட்டு வருடத்தில் 80 லட்சத்துக்குப் போனால் வருடம் 9 சதவீதம் போலத் தெரியும். பத்திரச் செலவு, 12.5 சதவீத மூலதன ஆதாய வரி எல்லாம் போக நிற்பது சுமார் 7தான். காலி சைட்டில் வாடகையும் வராது. லைன் வீடு கட்டினால் வரும், ஆனால் குடியிருக்கப் போவதும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள்தானே!

மகள் படிப்புக்கான தொகையையும் யூனிட்டின் 6 மாதச் செலவையும் வங்கி டெபாசிட்டில் போடுங்கள். மீதியை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (50 பெரிய நிறுவனங்களின் பங்குகளில் பிரித்துப் போடும் மியூச்சுவல் ஃபண்ட்), ஒரே நாளில் போடாமல் ஒன்றரை வருடத்துக்குப் பிரித்துப் போடலாம். ஏழெட்டு வருடம் தொடக்கூடாது. ரியல் எஸ்டேட்டும் வேண்டுமென்றால் சிறு பகுதிக்கு ரீட் யூனிட்கள் வாங்குங்கள். பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களின் அலுவலகக் கட்டட வாடகையில் பங்கு அது. பகிரக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தையாவது முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. பங்கு போலவே விலை ஏறி இறங்கும், ஆனால் தேவையான அளவு மட்டும் விற்கலாம்.

அவிநாசி சைட்டை வைத்துக்கொள்ளுங்கள். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனையா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். அனுமதியில்லாத பழைய மனை என்றால், அரசிடம் கட்டணம் கட்டி வரன்முறை செய்யாமல் (முறைப்படுத்தாமல்) பின்னால் கட்டட அனுமதி கிடைக்காது.