லிங்க் அனுப்பினால் பரிந்துரை ஆகிவிடுமா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் புத்தகங்களைப் பற்றிய பாட்காஸ்ட் லிங்க் ஒன்றை வாராவாரம் போடுகிறேன். கட்டைவிரல் வருகிறது, கேட்டவர் யாருமில்லை. நானோ விம்கோ நகரில் மெட்ரோ ஏறி தேனாம்பேட்டைக்குப் போக முக்கால் மணி, வர முக்கால் மணி கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். நல்ல பாட்காஸ்ட் பத்து சொல்லுங்கள், குழுவில் போடுகிறேன். கூடவே, "காதால கேக்குறதெல்லாம் படிப்பு ஆகாதும்மா" என்று சொல்லும் எங்கள் வட்டத்துப் பெரியவருக்கு ஒரு பதிலும் வேண்டும்.
- ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: பத்துப் பெயர் தருவது எளிது. தந்தால் அதையும் குழுவில் போடுவீர்கள், இன்னும் பத்துக் கட்டைவிரல் வரும். உங்களுக்குப் பெயர்ப் பஞ்சமில்லை. அனுப்புகிற விதத்தில்தான் கோளாறு.

ஒரு மணி பத்து நிமிட எபிசோடை "அருமை, அவசியம் கேளுங்கள்" என்று அனுப்புகிறீர்கள். அதைத் திறப்பவர் தண்டையார்பேட்டையில் கடையைச் சாத்திவிட்டு ஒன்பதரைக்கு வீடு திரும்புகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இசை. பிறகு தொகுப்பாளரின் வணக்கம், ஒரு விளம்பரம், போன வாரம் வந்த கடிதங்கள், விருந்தினர் வாங்கிய விருதுகள். புத்தகத்தின் பெயர் ஏழாவது நிமிடத்தில் வருகிறது. அவர் நான்காவது நிமிடத்திலேயே மூடிவிட்டு, மரியாதைக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார். அவர் மேல் என்ன தப்பு?

குழுவுக்கு அனுப்பாதீர்கள். ஒருவருக்கு அனுப்புங்கள். நிகழ்ச்சியைப் பரிந்துரைக்காதீர்கள். ஒரு எபிசோடை, அதிலும் எந்த நிமிடம் முதல் எந்த நிமிடம் வரை என்று குறித்து அனுப்புங்கள். இப்படி: "அண்ணே, 18-ஆவது நிமிடத்திலிருந்து 31 வரை மட்டும் கேளுங்க. கதையில இருந்த வட்டார வழக்கை ஏன் விட்டுட்டாங்கன்னு மொழிபெயர்ப்பாளரே சொல்றார். போன கூட்டத்துல நீங்க கேட்ட கேள்விதான். 40-க்கு மேல போகாதீங்க, முடிவை உடைச்சிடுறாங்க." பதின்மூன்று நிமிடம் என்றால் கடைக்காரர் கேட்பார். தான் கேட்ட கேள்விக்குப் பதில் என்றால் கட்டாயம் கேட்பார்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பல பாட்காஸ்ட்களில் விளம்பரம் நிரந்தரமாகப் பதிந்திருப்பதில்லை. நீங்கள் டவுன்லோட் செய்கிற நேரத்தில், நீங்கள் இருக்கிற ஊரைப் பொறுத்துச் சொருகப்படுகிறது. உங்கள் போனில் 18-ஆவது நிமிடத்தில் வருவது அவர் போனில் 19:30-இல் வரலாம். அதனால் நிமிடத்தோடு, அங்கே என்ன பேச்சு தொடங்குகிறது என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். யூடியூபில் வீடியோவாக ஏற்றியதென்றால் நிமிடம் மாறாது. அப்புறம், ஸ்பாட்டிஃபை லிங்க் என்பது ஸ்பாட்டிஃபை வைத்திருப்பவருக்குத்தான் வசதி. நிகழ்ச்சியின் பெயர், எபிசோடின் தலைப்பு, வெளியான தேதி மூன்றையும் எழுத்தில் தட்டி அனுப்பினால் எந்த ஆப்பிலும் தேடி எடுத்துக்கொள்வார்.

வண்டியில் நின்றுகொண்டு நிமிடத்தை எங்கே குறித்துக்கொள்வது என்பீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் திரையில் எபிசோடின் பெயரும் நிமிடமும் ஒன்றாக இருக்கும். வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து எழுதினால் ஆயிற்று. அன்றிரவே எழுதிவிடுங்கள். நான்கு நாள் போனால் எதற்காக எடுத்தோம் என்பதே மறந்திருக்கும்.

எதைப் பரிந்துரைப்பது? புத்தக பாட்காஸ்ட் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்கின்றன. கதையையே வாசித்துக் காட்டுவது ஒன்று. படித்தவர்கள் உட்கார்ந்து அலசுவது ஒன்று. புத்தகம் வெளியான கையோடு ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசவைப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில்தான் உஷாராக இருக்க வேண்டும். புத்தகம் வந்த வாரத்தில் ஒரே எழுத்தாளர் நான்கைந்து நிகழ்ச்சிகளில் தோன்றி, "இந்தக் கதைக்கான பொறி எப்படிக் கிடைத்தது?" என்ற ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லியிருப்பார். ஒன்றைக் கேட்டால் போதும்.

நல்ல அலசலைக் கண்டுபிடிக்க முதல் இருபது நிமிடம் கேளுங்கள். புத்தகத்திலிருந்து ஒரு பத்தியையாவது யாராவது உரக்கப் படிக்கிறார்களா? எங்கே சறுக்கியிருக்கிறது என்று யாராவது வாய் திறக்கிறார்களா? இரண்டும் இல்லையென்றால் அவர்கள் பின்னட்டையைத்தான் படித்திருக்கிறார்கள்.

சரி, நான்கு பெயர் மட்டும். நியூயார்க்கர் என்ற அமெரிக்க ஆங்கில இதழின் ஃபிக்ஷன் பாட்காஸ்ட் 2007 முதல் மாதாமாதம் வருகிறது. ஓர் எழுத்தாளர் அந்த இதழின் பழைய சேமிப்பிலிருந்து வேறொருவர் கதையைத் தேர்ந்தெடுத்து வாசிக்கிறார். பிறகு கதைப் பிரிவின் ஆசிரியர் டெபோரா ட்ரீஸ்மனோடு அதைப் பற்றிப் பேசுகிறார். கதையும் பேச்சும் ஒரே எபிசோடில் இருப்பதால் எதையும் முன்கூட்டிப் படித்திருக்க வேண்டியதில்லை, முடிவு உடைந்துவிடும் என்ற பயமும் இல்லை. புதிதாகக் கேட்க வருகிறவருக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது. பிபிசி உலக சேவையின் வேர்ல்ட் புக் கிளப் 2002-இல் தொடங்கியது. எழுத்தாளரின் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பல நாட்டு வாசகர்கள் கேள்வி கேட்பார்கள். தொகுப்பாளருக்குத் தோன்றாத கேள்விகள் அதில் வரும். ஆனால் அந்தப் புத்தகத்தைப் படிக்காமல் கேட்டால் பாதி தலைக்கு மேல் போய்விடும். 2015-இல் ஜான் மிட்சின்சனும் ஆண்டி மில்லரும் ஆரம்பித்த பேக்லிஸ்டட் பழைய, மறந்துபோன புத்தகங்களுக்கானது. வளவளவென்று போகும், பிரிட்டிஷ் நக்கல் அதிகம், பேசப்படும் பல புத்தகங்கள் இங்கே கடையில் கிடைக்காது. இருந்தாலும் ஒரு புத்தகத்தை ஆசையோடு எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ள அதைக் கேட்கலாம்.

தமிழில் தீபிகா அருணின் கதை ஓசை. இது அலசல் அல்ல, கதை வாசிப்பு. தமிழ் ஒலிக் கதைகளில் கல்கியும் புதுமைப்பித்தனும் திரும்பத் திரும்ப வருவதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. அவர்கள் எழுத்து நாட்டுடைமை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாட்டுடைமை ஆகாதவர் என்றால், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். இன்று எழுதுகிறவர்களின் கதையை வாசித்து ஏற்ற அவர்கள் சம்மதம் வேண்டும். யாராவது உங்கள் குழுவில் முழு ஒலிப்புத்தகத்தைத் தூக்கிப் போட்டால், அது பரிந்துரை அல்ல என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரே புத்தகத்தை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பக்கம் பக்கமாக அலசுவது தமிழில் குறைவு. நம்மிடம் இருப்பது மேடைப் பேச்சு. ஸ்ருதி டிவி பல ஆண்டுகளாக இலக்கியக் கூட்டங்களைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றிவருகிறது. அதைத் துழாவினால் நல்ல உரைகள் அகப்படும். முதல் சில நிமிடங்கள் மேடையில் வீற்றிருப்பவர்களின் பெயரும் பொன்னாடையும் போகும். பேச்சாளர் தண்ணீர் குடித்த பிறகு தொடங்கும் இடத்தைக் குறித்து அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும்.

மெட்ரோவில் கேட்பதற்குச் சில வேலைகள் இருக்கின்றன. புது வண்ணாரப்பேட்டை தாண்டி வண்டி சுரங்கத்துக்குள் இறங்கியதும் இரைச்சல் கூடும். கை தானாக வால்யூமை ஏற்றும், இறங்கிய பிறகும் குறைக்க மறந்துவிடும். காதுக்குச் சரியான அளவில் ரப்பர் மூடி போட்ட இயர்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்கும், குறைந்த சத்தமே போதும். இறங்கி ஷேர் ஆட்டோவிலோ நடந்தோ போகும்போது கழற்றிவிடுங்கள். கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலையில் இலக்கியம் கொஞ்சம் காத்திருக்கலாம்.

எபிசோடை முந்தின இரவே டவுன்லோட் செய்துவையுங்கள். 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 29 எம்பி, 128 என்றால் 58 எம்பி. அதையே யூடியூபில் படமாக ஓடவிட்டால் இதற்குப் பல மடங்கு போகும். தினசரி டேட்டா பேக் நள்ளிரவில் புதுப்பிக்கப்படுவதால், படுக்கப்போகும் முன் மிச்சம் இருப்பதை இதற்குச் செலவழிக்கலாம். ஆண்ட்ராய்டு போனென்றால் ஆன்டெனாபாட் ஆப் இலவசம், விளம்பரமும் கிடையாது. எந்த ஆப் ஆனாலும் நீங்கள் தொடரும் நிகழ்ச்சிகளின் பட்டியலை அவ்வப்போது ஒரு ஃபைலாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். கூகிள் தன் பாட்காஸ்ட் ஆப்பை 2024-இல் இழுத்து மூடியபோது, அப்படி எடுத்துவைக்காதவர்கள் பட்டியலை முதலிலிருந்து தேடிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

வேகம்: அலசலை 1.2-இல் கேட்கலாம். கதையை 1-லேயே கேளுங்கள். மௌனத்தை வெட்டும் வசதி உங்கள் ஆப்பில் இருந்தால் கதைக்கு அதை அணைத்துவிடுங்கள். வாசிப்பவர் யோசித்து விட்ட இடைவெளியை அது குப்பை என்று நினைத்துத் தின்றுவிடும். தமிழில் "இல்லை" என்பது வாக்கியக் கடைசியில்தான் வரும். 1.5-இல் ஓட்டினால் அந்தக் கடைசிதான் முதலில் தேயும்.

இனி உங்கள் பெரியவர். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், பாதி நியாயம் அவர் பக்கம். வடசென்னை ஏழுகிணற்றில், வீராசாமி தெருவில் வாழ்ந்து, உங்கள் ஒற்றியூர் கோயிலுக்கு நடந்தே வந்துபோனவர் வள்ளலார். அவருடைய அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவாளர். அந்தக் காலத்துச் சொற்பொழிவில் ஒருவர் ஏட்டைப் பார்த்துப் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் விரித்துச் சொல்வார். அண்ணனுக்கு உடம்பு முடியாத நாளில் இளைஞரான இராமலிங்கமே போய்ப் பெரியபுராணம் பேசினார் என்பது அவர் வரலாற்றில் எல்லோரும் சொல்வது. உட்கார்ந்திருந்தவர்கள் காதால்தான் கேட்டார்கள். அது படிப்பு இல்லை என்று பெரியவரே சொல்லமாட்டார். ஆனால் அங்கே முதலில் வந்தது மூலப்பாட்டு, விளக்கம் அதன் பின்னால்தான். இன்றைய பேச்சுகளில் பலவும் பாட்டை விட்டுவிட்டு விளக்கத்தில் தொடங்குகின்றன. அவர் கோபம் அதன் மேல் என்றால் சரியான கோபம்தான்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் அவரையே ஏடு வாசிப்பவர் ஆக்குங்கள். எபிசோடில் பேசப்படுகிற இரண்டு பக்கத்தை ஐயா உரக்கப் படிக்கட்டும். பிறகு அந்தப் பகுதியை மட்டும் ஒலிபரப்புங்கள், பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். போனை நேராக வைத்தால் மின்விசிறிச் சத்தத்தில் குரல் அமுங்கிவிடும். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை ஸ்டூல் மேல், உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வையுங்கள். அறை மூலையில் வைத்தால் அடிச்சத்தம் திரண்டு பேச்சு குழம்பும். ஆளுக்கொரு பிரதி இல்லையென்றால் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.